குரூப்ல 340 பேர், பேசறது நாலு பேர்... மூடிடலாமா?

கேள்வி: மேடம், நான் ஹெல்த் எஜுகேட்டர். சுகாதார மேம்பாட்டு வேலையில இருக்கறவங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்க ஒரு இடம் வேணும்னு ரெண்டு வருஷம் முன்னாடி ஃபோன்ல ஒரு குரூப் ஆரம்பிச்சேன். ஃபீல்டு ஸ்டாஃப், நர்ஸ், சத்துணவு நிபுணர், பள்ளி ஹெல்த் பாக்குறவங்க, ரெண்டு மூணு பேராசிரியர்கள், படிக்கிற பிள்ளைங்கன்னு இப்ப 340 பேர் இருக்காங்க. ஆனா வர்றதெல்லாம் குட் மார்னிங், ஃபார்வர்டு, "இன்று விழிப்புணர்வு முகாம் நடைபெற்றது"ன்னு போட்டோ, அதுக்குக் கீழ 30 பேரோட கைதட்டல். போன மாசம் ரெண்டு சீனியர்களுக்குள்ள பெரிய சண்டை, ஒருத்தர் மக்கள்தான் திருந்தணும்னார், இன்னொருத்தர் அரசாங்கம்தான் மாறணும்னார், கடைசியில ஒருத்தர் வெளியவே போயிட்டார். அதே வாரம் ஒருத்தர் குழந்தைகளை எடை பாக்குற போட்டோவை முகம் தெரியப் போட்டுட்டார். இப்ப ஒரு கம்பெனி வெபினாருக்கு ஸ்பான்சர் பண்றோம்னு கேக்குது. எனக்கு அலுத்துப் போச்சு. மூடிடலாமா? இல்ல வேற ஆப்புக்கு மாறலாமா? பேர் வேண்டாம்.

பதில்:

வணக்கம்ங்க. மூடலாமா வேண்டாமாங்கறதுக்கு கடைசியில வரேன், ஏன்னா உங்க லெட்டரைப் படிச்சப்போ நீங்க மூட நினைக்கிறது குரூப்பை இல்ல, அந்த கைதட்டல் ஸ்மைலியைன்னுதான் எனக்குத் தோணுச்சு. அது எனக்கும் நல்லாத் தெரியும். நானும் இப்படி ஒரு குரூப்பை அஞ்சு வருஷம் நடத்தினவதான், அதுல முதல் ஒன்றரை வருஷம் உங்க கதையேதான்.

முதல்ல அந்த 340ஐ மனசுல இருந்து எறக்கி வைங்க. ஆன்லைன்ல எந்தக் கூட்டத்தை எடுத்தாலும் பெரும்பாலானவங்க படிச்சிட்டுப் போறவங்கதான். ஜனங்க வெப்சைட்டை எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு ஆராயற யாகோப் நீல்சன்னு ஒருத்தர் 2006ல இதை 90-9-1ன்னு எழுதினார், அதாவது நூத்துல 90 பேர் சும்மா படிப்பாங்க, 9 பேர் எப்பவாவது எழுதுவாங்க, ஒரே ஒருத்தர்தான் பெரும்பாலான எழுத்தை எழுதுவார். இது ஒரு தோராயக் கணக்குதான், ஆனா ஹெல்த் பக்கத்துலயும் கிட்டத்தட்ட இதேதான். குடியை விடறவங்க, சிகரெட்டை விடறவங்க, மன அழுத்தத்துல இருக்கறவங்கன்னு நாலு ஆன்லைன் குழுக்களை எடுத்து 2014ல பாத்தப்போ, மேல இருக்கற ஒரு சதவீதம் பேர்தான் மொத்தத்துல முக்கால்வாசியை எழுதியிருந்தாங்க. இந்தக் கணக்கை உங்களுக்குப் போட்டா 340ல மூணு நாலு பேர் விடாம எழுதுவாங்க, 30 பேர் அப்பப்ப எழுதுவாங்க. நாலு பேர்தான் பேசறாங்கன்னு வருத்தப்படறீங்களே, அந்த நாலு சரிங்க, கணக்குப்படி வந்தாச்சு. காணாமப் போனது அந்த 30 பேர். நீங்க தேட வேண்டியது அவங்களைத்தான், மீதி 300 பேரை நிம்மதியா படிக்க விடுங்க, படிச்சிட்டுப் போய் மறுநாள் ஃபீல்டுல ஒரு விஷயத்தை மாத்திப் பண்ணுவாங்க, அது உங்க கண்ணுக்குத் தெரியாது, தெரியணும்னு இல்ல.

சரி, அந்த 30 பேர் ஏன் பேசலை? கூச்சம், நேரமில்லைன்னு ஆயிரம் சொல்லலாம். என் அனுபவத்துல முக்கியமான காரணம் ஒண்ணுதான்: நம்ம வேலையில தோத்த கதையைச் சொல்ல இடமே கிடையாது. ரிப்போர்ட்ல எத்தனை கூட்டம் போட்டோம், எத்தனை பேர் வந்தாங்க, எத்தனை நோட்டீஸ் குடுத்தோம்னு இருக்கும், எத்தனை பேர் மாறலைன்னு ஒரு கட்டம் எந்த ஃபார்ம்லயாவது பாத்திருக்கீங்களா? ஃபார்ம்ல இல்லாதது குரூப்புக்கு எப்படி வரும், அதான் போட்டோ வருது. போட்டோவுக்கு கைதட்டலைத் தவிர வேற என்ன பதில் சொல்ல முடியும் சொல்லுங்க, அது கேள்வியே இல்லையே.

இதுக்கு நான் எப்பவும் சொல்ற உதாரணம் பங்களாதேஷ்ல பிராக்ங்கற தொண்டு அமைப்பு பண்ணின வேலை. 1980ல இருந்து 1990 வரைக்கும் வீடு வீடாப் போய் வயித்துப்போக்குக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் செய்யத் தாய்மார்களுக்குச் சொல்லிக்குடுத்தாங்க, மூணு விரல்ல எடுத்த உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (கிட்டத்தட்ட அரை லிட்டர்) தண்ணி, அவ்வளவுதான் பாடம். 1 கோடியே 20 லட்சம் வீட்டுக்கு மேல போனாங்க. இந்த எண்ணிக்கையைத்தான் எல்லாரும் சொல்லுவாங்க. எனக்குப் பிடிச்சது ஆரம்பத்துல நடந்தது. தாய்மார்களுக்கு செய்முறை நல்லாத் தெரிஞ்சிருக்கு, கேட்டா ஒப்பிக்கறாங்க, ஆனா வீட்டுல பிள்ளைக்கு வயித்தால போனா அந்தக் கரைசலைக் குடுத்தவங்க ரொம்பக் கம்மி. ஏன்னு போய்ப் பாத்தா, சொல்லிக்குடுக்கப் போன பணியாளர்கள்லயே பல பேருக்கு அதுல நம்பிக்கை இல்ல, தனக்கு வயித்துப்போக்கு வந்தா அவங்க அதைக் குடிக்கலை! அப்புறம் வீட்டு ஆம்பளைங்க கிட்ட யாருமே பேசலை. இதைக் கண்டுபிடிச்சதுக்கு அப்புறம் பணியாளர்களுக்கு அது எப்படி வேலை செய்யுதுன்னு முதல்ல புரிய வச்சாங்க, ஆம்பளைங்களையும் சேத்தாங்க. பணியாளர்களோட சம்பளத்தையும் எத்தனை வீடு போனேங்கறதை விட அந்தத் தாய்மாருக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கு, சரியாக் கலக்கறாங்களாங்கறதோட சேத்துத்தான் கட்டியிருந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, "எனக்கே இதுல நம்பிக்கை இல்ல மேடம்"னு ஒரு பணியாளர் சொல்ல முடிஞ்சதாலதானே இவ்வளவும் நடந்துச்சு. உங்க குரூப்ல அப்படி ஒரு வாக்கியம் வர முடியுமா? வந்தா அடுத்த நிமிஷம் யார் என்ன சொல்லுவாங்க?

அதனால நீங்க பண்ண வேண்டிய முதல் வேலை, உங்க தோல்வி ஒண்ணை நீங்களே எழுதறது. அட்மின் எழுதணும், வேற யாரும் முதல்ல எழுத மாட்டாங்க. நான் எழுதினது இதுதான்: ஒரு பள்ளிக்கூடத்துல கை கழுவற பழக்கத்துக்காக மூணு மாசம் வேலை பாத்தோம், பாட்டு, படம், உறுதிமொழி எல்லாம். மூணு மாசம் கழிச்சுப் போனா பசங்க பாட்டை அருமையாப் பாடறாங்க, கை கழுவறதில்ல. சின்னப் பசங்களுக்கு குழாய் எட்டலை, சோப்பு தொலைஞ்சிடும்னு பீரோவுக்குள்ள பூட்டி வச்சிருந்தாங்க. மூணு மாசத்துல ஒரு தடவை கூட நான் அந்தக் குழாய்க்கிட்டப் போய் நின்னு பாக்கலை. இதை ஒரு ராத்திரி பத்தரை மணிக்கு மனசு கேக்காம அப்படியே போட்டேன், கடைசியில "உங்களுக்கு இந்த மாதிரி எது நடந்துச்சு?"ன்னு ஒரே ஒரு கேள்வி. காலையில எந்திரிச்சா பதினேழு பதில், அதுல பதினோரு பேர் அதுவரைக்கும் ஒரு வார்த்தை எழுதாதவங்க. ஒரு நர்ஸ் எழுதினாங்க, "எங்க கிட்ட சோப்பு பூட்டி வைக்கல, ஆனா டவல் பூட்டி வச்சிருக்காங்க"ன்னு. சிரிச்சிட்டே அன்னைக்கு முழுக்க அதைப் படிச்சேன்.

ஆனா இதுல ஒரு முள்ளு இருக்கு. உங்க குரூப்ல மேலதிகாரிகளும் இருக்காங்க, அவங்க கீழ வேலை பாக்கறவங்களும் இருக்காங்க இல்லையா? இதை நீங்க லெட்டர்ல சொல்லலை, ஆனா பேராசிரியரும் படிக்கிற பிள்ளையும், சூப்பர்வைசரும் ஃபீல்டு ஸ்டாஃபும் ஒரே இடத்துல இருந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி யார் யார் படிப்பாங்கன்னு கணக்குப் போடுவாங்க. "நாங்க போட்ட கேம்ப்புக்கு ஆளே வரலை"ன்னு எழுதினா மறுநாள் ஆபீஸ்ல விளக்கம் கேக்க மாட்டாங்கன்னு என்ன உத்தரவாதம்? இதுக்கு நான் ரெண்டு வேலை பண்ணினேன். ஒண்ணு, தோல்விக் கதையை எனக்குத் தனியா அனுப்பலாம், பேர், ஊர், ஆபீஸ் அடையாளம் எல்லாத்தையும் எடுத்துட்டு நான் போடுவேன், யார் அனுப்பினதுன்னு யார் கேட்டாலும், என் பாஸே கேட்டாலும், சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன். போடறதுக்கு முன்னாடி அனுப்பினவர்கிட்ட ஒரு தடவை காட்டிடுவேன், ஏன்னா நமக்கு அடையாளமே இல்லாத மாதிரி தெரியற ஒரு சின்ன விவரம் அவங்க ஆபீஸ்ல இருக்கறவங்களுக்குப் பட்டுனு புரிஞ்சிடும். இன்னொண்ணு சாட்டம் ஹவுஸ் ரூல், லண்டன்ல 1927ல வந்தது, இன்னைக்கும் உலகம் பூரா கூட்டங்கள்ல பயன்படுத்தறாங்க: இங்க கேட்ட தகவலை நீங்க வெளிய பயன்படுத்தலாம், ஆனா சொன்னது யாரு, எந்த இடத்தைச் சேர்ந்தவருன்னு சொல்லக் கூடாது. ஒரே வாக்கியத்துல சொல்லிப் புரிய வைக்கக் கூடிய விதி, அதனாலயே எனக்குப் பிடிக்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளிய அனுப்பினா குரூப்ல இருந்து எடுத்துடுவேன்னும் சேத்து எழுதிட்டேன், ஒருத்தரை எடுக்கவும் செஞ்சேன், கஷ்டமா இருந்துச்சு.

மேலதிகாரிகள் கிட்ட தனியா ஃபோன்ல பேசினேன். "நீங்க பதில் எழுதறதுக்கு முன்னாடி ஒரு நாள் காத்திருங்க"ன்னு மட்டும்தான் கேட்டேன். பெரியவங்க முதல்ல பதில் சொல்லிட்டா அதுக்கு மேல யார் எழுதுவாங்க? ஒருத்தரைத் தவிர எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. அந்த ஒருத்தர் கடைசி வரைக்கும் மாறலை, விட்டுட்டேன்.

அப்புறம் மொழி. பேராசிரியர்கள் புத்தக பாஷையிலயோ இங்கிலீஷ்லயோ எழுதினா ஃபீல்டுல இருக்கறவங்க தப்பா எழுதிடுவோமோன்னு ஒதுங்கிடுவாங்க. நீங்க பேசற மாதிரி எழுதுங்க, எழுத்துப்பிழை வந்தா வரட்டும், அட்மினே இப்படித்தான் எழுதறாங்கன்னா மத்தவங்களுக்கு தைரியம் வரும். டைப் பண்ண முடியாதவங்களுக்கு வாய்ஸ் நோட் அனுமதிங்க, ஆனா ரெண்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், கூடவே என்ன விஷயம்னு ஒரு வரி எழுதச் சொல்லுங்க, இல்லைன்னா ஏழு நிமிஷ வாய்ஸ் நோட்டை யாரும் கேக்க மாட்டாங்க, நானும் கேக்க மாட்டேன்.

வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். தினமும் போட்டா சோர்ந்துடுவாங்க. கேள்வி எப்படி இருக்கணும்னா, புத்தகத்துல பதில் கிடைக்கக் கூடாது, ஒரு ஆளோட அனுபவத்துல மட்டும்தான் இருக்கணும். "சர்க்கரை நோய் தடுப்பில் சமூகத்தின் பங்கு என்ன?"ன்னு கேட்டா பரீட்சை எழுதற மாதிரி நாலு பேர் எழுதுவாங்க. "நடைப்பயிற்சி போங்கன்னு சொன்னப்போ உங்களை மடக்கின பதில் எது?"ன்னு கேளுங்க, பிச்சுக்கிட்டு வரும். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க சொன்னது, தெருவிளக்கு இல்லாத இடத்துல இருக்கற பொண்ணுங்க சொன்னது, முட்டி வலிக்காரங்க சொன்னதுன்னு எல்லாம் வந்து விழும், அதுக்கு அப்புறம் நடைப்பயிற்சி பத்தி யாரும் பழைய மாதிரி அட்வைஸ் பண்ண மாட்டாங்க. கேள்வியைப் போட்டுட்டு சும்மா இருக்காதீங்க, இதுதான் யாருக்கும் தெரியாத வேலை: யாருக்கு அந்த விஷயம் நல்லாத் தெரியும்னு யோசிச்சு மூணு பேருக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, "போன வருஷம் நீங்க அந்த வேலை பண்ணீங்களே, அதை ரெண்டு வரி எழுத முடியுமா?"ன்னு. பேர் சொல்லிக் கூப்பிட்டா வருவாங்க, பொதுவாக் கூப்பிட்டா வேற யாராவது போவாங்கன்னு இருந்துடுவாங்க. என் குரூப்ல தானா வந்த பேச்சுன்னு மத்தவங்க நினைச்சதுல பாதி, நான் முன்னாடி நாள் ராத்திரி தனியாக் கேட்டு வாங்கினதுதான்.

வாரக் கடைசியில அந்த வாரம் வந்ததை எல்லாம் பத்துப் பதினஞ்சு வரியில தொகுத்துப் போடுங்க, யார் என்ன சொன்னாங்க, எங்க ஒத்துப்போனாங்க, எங்க முட்டிக்கிச்சுன்னு. இதுக்கு முக்கால் மணி நேரம் ஆகும், ஆனா அந்த 300 பேர் படிக்கறது இதை மட்டும்தான். பேரைப் போட்டுத் தொகுக்கறதா இருந்தா கேட்டுட்டுப் போடுங்க.

அந்த சண்டைக்கு வரேன். ரெண்டு பேரும் எதுக்கு மோதிக்கிட்டாங்கன்னு நீங்க விவரமா எழுதலை, "ஒருத்தர் மக்கள்தான் திருந்தணும்னார், இன்னொருத்தர் அரசாங்கம்தான் மாறணும்னார்"ன்னு மட்டும் ஒரு வரி இருந்துச்சு. அடடா, இது நம்ம துறையோட மூத்த சண்டைங்க, அம்பது வருஷமா நடக்குது! கனடா அரசாங்கம் 1974ல வெளியிட்ட லலோண்ட் அறிக்கை, உடம்பு நல்லா இருக்கறதுக்கு ஆஸ்பத்திரி மட்டும் காரணம் இல்ல, வாழ்க்கை முறை, சுற்றுச்சூழல் எல்லாம் காரணம்னு சொல்லிச்சு. அதைப் புடிச்சுக்கிட்டு நிறைய பேர் வாழ்க்கை முறைங்கற ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துக்கிட்டு ஜனங்க தலையில பழியைப் போட்டாங்கன்னு விமர்சனம் வந்துச்சு. 1986 நவம்பர்ல கனடாவோட ஒட்டாவாவுல உலக சுகாதார நிறுவனத்தோட மாநாட்டுல கூடி ஒரு சாசனம் எழுதினாங்க, ஒட்டாவா சாசனம்னு நீங்களும் படிச்சிருப்பீங்க, அதுல அஞ்சு வேலைன்னு பிரிச்சாங்க: ஆரோக்கியத்துக்கு ஏத்த பொதுக் கொள்கை, ஆதரவான சூழல், சமூகமா சேந்து பண்ற செயல், தனி மனுஷரோட திறன், மருத்துவ சேவையை ஆரோக்கியத்தை வளக்கற பக்கமாத் திருப்பறது. தனி மனுஷர் அஞ்சுல ஒரு பங்குதான், ஆனா இருக்கு. அப்ப உங்க ரெண்டு சீனியரும் ஒரே காகிதத்தோட ரெண்டு வரியைப் புடிச்சுக்கிட்டு சண்டை போட்டிருக்காங்க.

இந்த மாதிரி நேரத்துல "தயவுசெய்து அமைதி காக்கவும்"னு போடறது தப்புன்னு நினைக்கிறேன், சூடான விஷயம்தான் குரூப்புக்கு உயிர். சண்டையை ஆளுங்க மேல இருந்து கழட்டி ஒரு உதாரணத்து மேல மாட்டணும். நீங்க என்ன கேட்டிருக்கலாம்னா, சர்க்கரை போட்ட பானத்துக்கு மெக்சிகோ 2014ல லிட்டருக்கு ஒரு பெசோ வரி போட்டுச்சு, அது வாங்கறவங்க கையை யோசிக்க வச்சுது. பிரிட்டன் 2018ல போட்ட வரி வேற மாதிரி, பானத்துல சர்க்கரை எவ்வளவுங்கறதை வச்சுப் படி படியா ஏறும், அதனால நிறைய கம்பெனிங்க வரி வர்றதுக்கு முன்னாடியே சர்க்கரையைக் குறைச்சிட்டாங்க, குடிக்கறவங்க எதையும் மாத்திக்காமலே அவங்க உள்ள போற சர்க்கரை கொறஞ்சுது. இப்ப சொல்லுங்க, இதுல ஹெல்த் எஜுகேட்டருக்கு என்ன வேலை? இப்படிக் கேட்டா ரெண்டு சீனியரும் பேசுவாங்க, மத்தவங்களும் உள்ள வரலாம். ஆளைப் பத்தி ஒரு வார்த்தை வந்துச்சுன்னா அந்த வார்த்தையை மட்டும் எடுத்துட்டு தனியா சொல்லிடுங்க, எல்லார் முன்னாடியும் திட்டாதீங்க. ரொம்ப எகிறிடுச்சுன்னா அட்மின் மட்டும் எழுதற மாதிரி செட்டிங்கை ஒரு ராத்திரிக்கு மாத்தி வைங்க, காலையில திறக்கறேன்னு நேரத்தையும் சொல்லிட்டு மாத்துங்க. அந்த ஒரு ராத்திரி தூக்கம் பல சண்டையைத் தீத்திருக்கு.

குழந்தைகள் போட்டோ விஷயத்துல மட்டும் நான் கறார். உடனே குரூப்ல இருந்து அழிச்சிடுங்க. மத்தவங்க போட்டதையும் அட்மின் எல்லாருக்கும் சேத்து டிலீட் பண்ண முடியும், ஆனா அதுக்குள்ள எத்தனை ஃபோன் கேலரியில தானா இறங்கியிருக்குமோ, அது திரும்பி வராது. அதனால "உங்க ஃபோன்ல இறங்கியிருந்தா அழிச்சிடுங்க"ன்னு சொல்லி ஒரு மெசேஜ் போடுங்க, போட்டவர் பேரைச் சொல்லாம. முகத்தை மறைச்சாப் போதும்னு நினைக்காதீங்க, பின்னாடி இருக்கற பேர்ப்பலகை, யூனிஃபார்ம், கையில இருக்கற கார்டுல எழுதின பேரு, எடை எழுதின சீட்டு எல்லாம் அடையாளம்தான். அப்பா அம்மா கேம்ப்ல போட்டோ எடுக்க ஒத்துக்கிட்டாங்கன்னா அது 340 பேர் பாக்கறதுக்கு ஒத்துக்கிட்டதா ஆகாது. எடை குறைஞ்ச குழந்தைன்னு ஒரு போட்டோ சுத்தினா அந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும், நாமதானே அவமானத்தைக் குறைக்கணும்னு ஊர் ஊரா பேசறோம். நான் கடைசியில ஆள் இருக்கற போட்டோவே வேண்டாம்னு விதி போட்டுட்டேன். கேம்ப் போட்டோவும் போயிடுச்சு, கைதட்டலும் போயிடுச்சு, ஒரே கல்லுல ரெண்டு மாங்கா. முதல் மாசம் கோவிச்சுக்கிட்டாங்க. போட்டோவுக்குப் பதிலா "இன்னைக்கு கேம்ப்ல யாராவது கேட்ட ஒரு கேள்வியை எழுதுங்க"ன்னு சொன்னேன், அது நல்லா ஓடுச்சு. அதே மாதிரி, எங்க மாமாவுக்கு இந்த ரிப்போர்ட் வந்திருக்கு என்ன மாத்திரைன்னு கேக்கறதையும் நிறுத்துங்க, அது டாக்டர்கிட்ட போற வேலை.

ஃபார்வர்டுக்கு ஒரே விதி: அனுப்பறவங்க அதை முழுசாப் படிச்சிருக்கணும், ஏன் அனுப்பறேன்னு சொந்தமா ரெண்டு வரி எழுதணும். வாட்ஸாப்புல ரெட்டை அம்புக்குறி போட்டு பல தடவை ஃபார்வர்டு ஆனதுன்னு வரும் பாருங்க, அதை 2020 ஏப்ரல்ல இருந்து ஒரு நேரத்துல ஒரு சாட்டுக்கு மட்டும்தான் அனுப்ப முடியுங்கற மாதிரி கட்டுப்படுத்தினாங்க, கொரோனா வதந்தி பறந்த நேரம் அது. நம்ம குரூப்புக்கு ரெட்டை அம்பு வந்தா நான் அதை எடுக்க மாட்டேன், "ஜனங்க உங்ககிட்ட இதைக் காட்டினா என்ன சொல்லுவீங்க?"ன்னு கேள்வியா மாத்திடுவேன். வதந்தியை எதிர்கொள்றதுதானே நம்ம பொழப்பு, ஒத்திகை பாத்துக்கலாமே. குட் மார்னிங்கை எப்படி நிறுத்தறதுன்னு கேட்டீங்கன்னா, பேச்சு நல்லாப் போக ஆரம்பிச்சா அது தானா கொறையும், அதுக்குன்னு போலீஸ் வேலை பாக்காதீங்க.

வேற ஆப்புக்கு மாறலாமான்னு உங்க லெட்டர் ஓரத்துல ஒரு வரி இருந்துச்சு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த மாதிரிதான் நானும் ரெண்டு தடவை மாறினேன், ஒவ்வொரு தடவையும் மூணுல ஒரு பங்கு ஆளுங்களை இழந்தேன். ஒரு நியாயமான காரணம் உண்டு, ஃபோன் நம்பர் எல்லாருக்கும் தெரியறது. குறிப்பா பெண் பணியாளர்களுக்கு நேரங்கெட்ட நேரத்துல மெசேஜ் வர்றது நடக்குது, யாருக்காவது அப்படி வந்திருக்கான்னு தனியா விசாரிங்க, வந்திருந்தா நம்பரை மறைக்க வழி இருக்கற இடத்துக்கு மாறுங்க, அதுக்காக மட்டும் மாறுங்க.

இப்ப அந்த ஸ்பான்சர். என்ன கம்பெனின்னு நீங்க சொல்லலை, அதனால பொதுவா சொல்றேன். பால் பவுடர், குழந்தை உணவு விக்கிறவங்கன்னா யோசிக்கவே வேண்டாம், கூடாது. தாய்ப்பாலுக்கு மாற்றா விக்கிற பொருட்களை எப்படி விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு உலக சுகாதார சபை 1981லயே ஒரு விதித் தொகுப்பு கொண்டு வந்துச்சு, 2016ல குடுத்த வழிகாட்டுதல் இன்னும் தெளிவா, அந்தக் கம்பெனிங்க சுகாதாரப் பணியாளர்களோட கூட்டங்களுக்கு ஸ்பான்சர் பண்ணக் கூடாதுன்னே சொல்லுது. புகையிலைன்னா புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையோட 5.3வது பிரிவு இருக்கு, அந்தத் தொழிலோட நலன் கொள்கைக்குள்ள நுழையாமப் பாத்துக்கணும்னு. மத்த கம்பெனிங்க விஷயத்துல எனக்கு ஒரே ஒரு சோதனை: இவங்க பணத்துல வெபினார் நடத்தின மறு வாரம் இவங்க பொருளைப் பத்தி குரூப்ல யாராவது கடுமையா எழுதினா எனக்கு உள்ளுக்குள்ள சங்கடமா இருக்குமா? இருக்கும்னு தோணினா வாங்காதீங்க. உண்மையில உங்களுக்கு எதுக்குங்க பணம்? குரூப்புக்குச் செலவே இல்லையே. ஒரு உறுப்பினர் தன் ஃபீல்டு அனுபவத்தை அரை மணி நேரம் பேசினா அதுதான் வெபினார். கம்பெனியில வேலை பாக்கற உறுப்பினர்கள் இருந்தா இருக்கட்டும், எங்க வேலை பாக்கறோம்னு சொல்லிட்டுப் பேசட்டும்.

உங்க அலுப்புக்கு வரேன், இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும். 340 பேரை ரெண்டு வருஷமா ஒத்தையா இழுத்திருக்கீங்க, ஊர் கூடி இழுக்க வேண்டிய தேர் அது. இன்னும் ரெண்டு பேரை அட்மினா சேருங்க, ஒருத்தராவது ஃபீல்டுல இருந்து வரணும், ரெண்டு பேரும் உங்க ஃப்ரெண்ட்ஸா இருக்கக் கூடாது. மாசத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சுக்குங்க, உங்க முறை இல்லாத மாசத்துல நிஜமாவே குரூப்பை மியூட் பண்ணிடுங்க, ஒண்ணும் ஆகாது, முதல் வாரம் கை நடுங்கும் அவ்வளவுதான். முறை இருக்கற மாசத்துலயும் ஒரு நாளைக்கு இருபது நிமிஷம், தொகுப்பு எழுதற நாள்ல முக்கால் மணி நேரம், அதுக்கு மேல வேண்டாம். ராத்திரி பத்தரைக்கு எழுதினேன்னு சொன்னேன்ல, அந்தப் பழக்கத்தை என்கிட்ட இருந்து எடுத்துக்காதீங்க.

மூடலாமான்னா, மூணு மாசம் இதையெல்லாம் பண்ணிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. 12 கேள்வி, 12 தொகுப்பு. அதுக்குள்ள புதுசா பத்துப் பதினஞ்சு பேர் வாயைத் திறந்தாங்கன்னா போகட்டும். திறக்கலைன்னா கவுரவமா மூடிடுங்க, அதுல ஒண்ணும் வெக்கம் இல்ல, சில குரூப் ஒரு வேலைக்காகப் பொறக்கும், முடிஞ்சா போகும். மூடறதா இருந்தா ரெண்டு வாரம் முன்னாடி சொல்லிட்டு, நல்ல விஷயங்களை எடுத்து அடையாளமெல்லாம் நீக்கி ஒரு ஃபைலா எல்லாருக்கும் குடுத்துட்டு மூடுங்க.

அப்புறம் வெளிய போன அந்த சீனியர். அவருக்கு மெசேஜ் அனுப்பாதீங்க, ஃபோன் பண்ணுங்க, நாளைக்கே. திரும்ப வாங்கன்னு கேக்க வேண்டாம், அந்த சர்க்கரை வரிக் கேள்விக்கு அவர் என்ன சொல்றார்னு மட்டும் கேளுங்க. என் கணிப்பு, முக்கால் மணி நேரம் பேசுவார், பக்கத்துல பேனாவும் பேப்பரும் வச்சுக்குங்க.